வெளிநாட்டிலிருந்து திரும்பிய அம்மா என்னோடு பேசுவதே இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையா?

தங்கச்சி, உனக்கு வயது 16, இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். எட்டு வருடம் சவூதியில் வீட்டு வேலை செய்த அம்மா திரும்பி ஒரு வருடமாகியும் பணம், பரீட்சை தவிர வேறு பேச்சில்லை என்று எழுதியிருக்கிறாய். பிடிக்காமல் இல்லை என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் அம்மா குவைத்தில் இருந்தார். நான் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அம்மாவின் அம்மாவான அம்மாயியிடம் வளர்ந்தேன். பணம் வந்ததா, பள்ளிக்கூடம் போகிறாயா, காய்ச்சல் விட்டதா என்று கேட்பதற்குள் தொலைபேசி அட்டை தீர்ந்துவிடும். திரும்பி வந்த பிறகும் அதே மூன்று கேள்விகள்தான். பிள்ளையோடு வேறு விதமாகப் பேசிப் பழக அவருக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை.

ஒரு நாள் அவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன சமைப்பீர்கள் என்று கேட்டேன். மடை திறந்தது போலப் பேசினார். மூத்தவனுக்குத் தோல் உரித்த தக்காளிதான் வேண்டுமாம்; சின்னவள் விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாளாம். எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை அழுதுகொண்டே சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, சமைக்கும் முன் என்னைக் கேட்கத் தொடங்கினார். அங்கிருந்துதான் எங்கள் பேச்சு மெல்ல வளர்ந்தது.

"உனக்காகத்தானே கஷ்டப்பட்டார்" என்று லயமே உன்னிடம் சொல்லும். உண்மைதான்; கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல்தான் போகிறார்கள். அதற்காக உன் வலி பொய்யாகிவிடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை விட்டுத் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்று 2013இல் அரசாங்கம் விதி போட்டது. போவதைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள், திரும்பி வந்த தாயும் வளர்ந்த பிள்ளையும் ஒரே லயத்து அறையில் எப்படிப் பழகுவது என்று யோசிக்கவில்லையே என்பது என் ஆதங்கம்.

"ஏன் என்மேல் பாசமில்லை" என்று கேட்காதே. அவர் வாயடைத்துப் போவார். அவர் வேலை செய்த வீட்டைப் பற்றிக் கேள், அவர் கை வேலையாக இருக்கும்போது கேள். உன்னைப் பற்றியும் சின்னச் சின்ன விஷயமாகச் சொல். அம்மாயியோடு உள்ள நெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளாதே. அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார இடம் கொடு.

சாப்பாடும் தூக்கமும் கெட்டு, வாழவே பிடிக்காதது போல் தோன்றினால் அம்மாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். நம்பிக்கையான ஆசிரியையிடம் சொல், அல்லது சிறுவர் உதவி எண் 1929க்கு உடனே பேசு.