கிரஞ்ச் டிரம்மர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நிர்வாணா குழுவின் டேவ் குரோல்தான், அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்த கனமான ராக் இசையான கிரஞ்ச்சின் தலைசிறந்த டிரம்மர் என்பது என் கட்சி. என் தம்பியோ, சவுண்ட்கார்டனின் மாட் கேமரூனுக்கு ஈடாக ஒருவரும் இல்லை என்கிறான். நீங்கள் யார் பக்கம்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: தம்பியின் பக்கம்தான். ஆனால் உங்கள் கட்சியிலும் வலு இருக்கிறது. அதை முதலில் பேசிவிடலாம்.

தலைநகர் வாஷிங்டன் டி.சி. வட்டாரத்தின் பங்க் (வேகமும் ஆவேசமுமான ராக் வகை) மேடைகளில் வளர்ந்த குரோல், 1990 செப்டம்பரில் நிர்வாணாவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் சவுண்ட் சிட்டி ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தில் அவர் வாசித்ததைக் கணக்காக மட்டும் பார்த்தால் பெரிய சிக்கல் ஏதுமில்லை: நான்கு எண்ணிக்கை, காலால் அடிக்கும் கனமான பேஸ் டிரம், கதவை இடிப்பது போல் ஒலிக்கும் ஸ்னேர் என்ற சிறு டிரம். அவருடைய திறமை வேறிடத்தில் இருக்கிறது. ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாடலின் தொடக்கத்தில், தனியாக ஒலிக்கும் கிதாருக்குப் பின் அவர் உள்ளே நுழையும் இடத்தை டிரம்ஸ் பற்றி எதுவும் அறியாதவர்கூட வாயால் சொல்லிக் காட்டிவிடுவார். பாட்டின் மெட்டைப் போலவே டிரம்ஸ் பகுதியும் கேட்பவர் மனத்தில் தங்கும்படி அமைப்பது எளிய காரியமல்ல. அந்த ஆல்பத்தின் அடிகளில் பலவற்றைத் தாம் கேப் பேண்ட், கேமியோ போன்ற ஃபங்க் குழுக்களிடமிருந்தும், ஷிக் குழுவின் டிரம்மர் டோனி தாம்ப்சனிடமிருந்தும் எடுத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் குரோலே வெளிப்படையாகச் சொன்னார். டிஸ்கோ இசையைக் கேவலமாகப் பேசும் கிரஞ்ச் ரசிகர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து சிரிப்பு வரும்.

இனி கேமரூன். சான் டியேகோவில் பிறந்து 1983இல் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்த இவர், ஸ்கின் யார்ட் குழுவில் வாசித்துவிட்டு, 1986இல் சவுண்ட்கார்டனுக்கு வந்தார். அந்தக் குழுவின் பாடல்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ‘அவுட்ஷைன்ட்’ ஏழில் நடக்கிறது, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) ஏழு எண்ணிக்கை. ‘ஸ்பூன்மேன்’ பாடலும் பெரும்பாலும் ஏழுதான். ‘மை வேவ்’ ஐந்து. ‘ஃபெல் ஆன் பிளாக் டேஸ்’ ஆறு. கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுகளுக்கு ஏழு என்பது அச்சம் தரும் எண்ணிக்கையல்ல. ஆனால் ராக் இசையில் பேஸ் டிரம்மும் ஸ்னேரும் மாறி மாறி விழுவதால், இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் தலையாட்டிக் கேட்க முடியும் என்ற பழக்கம் அங்கே ஊறியிருக்கிறது. ஏழில் அந்த மாறி மாறி விழும் அடியை விடாமல் தொடர்ந்தால், முதல் ஆவர்த்தனத்தில் இரண்டு, நான்கு, ஆறு என்ற இடங்களில் விழுந்த ஸ்னேர், அடுத்த ஆவர்த்தனத்தில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று இடம் மாறிவிடும். ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் புதிதாகத் தொடங்கினாலோ, கடைசியில் ஓர் எண்ணிக்கை வெட்டுப்பட்டதுபோல் கேட்பவர் தடுக்கி விழுவார். எந்த வழியில் போனாலும் கணக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரியும் ஆபத்து உண்டு. கேமரூன் வாசிக்கும்போது அது தெரிவதில்லை. கேட்பவர் நான்கு எண்ணிக்கைக்கு ஆட்டுவதுபோலவே தலையாட்டிவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்து யாரோ சொல்லித்தான் அது ஏழு என்று அறிகிறார். அந்த மறைப்புக்காகவே அவரை முதலிடத்தில் வைக்கிறேன்.

இதைச் சொன்னதும் சிலர், சவுண்ட்கார்டனின் கிதார் கலைஞர் கிம் தாயிலின் பெற்றோர் கேரளத்தவர் என்பதை எடுத்துக்கொண்டு, தாளக் கணக்கு இந்தியாவிலிருந்து வந்தது என்று கதை கட்டுவார்கள். அவர் சியாட்டிலில் பிறந்து சிகாகோவுக்கு அருகே வளர்ந்தவர். அந்தக் கதை வேண்டாம்.

கேள்வி: குரோலுக்கு முன்பு நிர்வாணாவில் வாசித்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே, அவர்கள் அவ்வளவு சுமாரானவர்களா? (திருச்சி வாசகர்)

பதில்: சுமாரானவர்கள் அல்லர். அவர்களுள் ஒருவரைக் குரோலுக்கும் முன்னே வைப்பவர்கள் உண்டு. மெல்வின்ஸ் குழுவின் டேல் குரோவரைத்தான் சொல்கிறேன்.

1988 ஜனவரியில் ஒலிப்பதிவாளர் ஜாக் எண்டினோ சியாட்டிலில் ஒரே நாளில் பதிவு செய்த நிர்வாணாவின் முதல் மாதிரி ஒலிநாடாவில் டிரம்ஸ் வாசித்தவர் குரோவர். அதிலிருந்து சில பாடல்கள் பிறகு ‘பிளீச்’ ஆல்பத்தில் இடம்பெற்றன. பங்க் என்றாலே வேகம் என்றிருந்த காலத்தில், மெல்வின்ஸ் குழு பாடல்களை ஆமை வேகத்துக்கு இறக்கியது. வேகமாக வாசிக்கும்போது சிறு பிசகுகள் ஓட்டத்தில் மறைந்துவிடும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே நீண்ட வெற்றிடம் இருந்தால், இம்மி பிசகினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த வெற்றிடத்தைத் தாங்கிப் பிடிக்கும் வலிமை குரோவருக்கு இருந்தது. கிரஞ்ச் இசையின் கனம் கிதாரிலிருந்து வந்தது என்று பொதுவாக எழுதுகிறார்கள். அதில் பாதியையாவது குரோவரின் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

606 டாலர் செலவில் பதிவாகி 1989இல் வெளிவந்த ‘பிளீச்’ ஆல்பத்தின் பெரும்பகுதியில் வாசித்தவர் சாட் சானிங். அவருக்கு நேர்ந்தது சற்று வருத்தமானது. 1990 ஏப்ரலில் மேடிசன் நகரில் தயாரிப்பாளர் புட்ச் விக்குடன் நிர்வாணா பதிவு செய்த பாடல்களில் வாசித்தவரும் அவர்தான். ‘இன் புளூம்’ உட்படச் சில பாடல்களுக்கு அவர் அங்கே அமைத்த அடிகளையே, பிற்பாடு குரோல் தம் கைவலிமையோடு ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தில் வாசித்தார். ‘பாலி’ பாடலோ மேடிசன் பதிவிலிருந்தே எடுக்கப்பட்டது. அதில் ஒலிக்கும் சிம்பல் (உலோகத் தட்டு) சானிங்குடையது. 2014இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் நிர்வாணாவைச் சேர்த்துக்கொண்டபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. குரோல் அந்த மேடையிலேயே சானிங்குக்கு நன்றி கூறி, அந்த அடிகள் அவருடையவை என்று சொன்னார். பெருந்தன்மைக்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

மட்ஹனி குழுவின் டான் பீட்டர்ஸும் ‘ஸ்லிவர்’ என்ற பாடலிலும், 1990 செப்டம்பரில் ஒரே ஒரு மேடையிலும் நிர்வாணாவுக்கு வாசித்தார். அன்று பார்வையாளர் கூட்டத்தில் குரோலும் இருந்தார்.

கேள்வி: பேர்ல் ஜாம் குழுவில் மட்டும் டிரம்மர்கள் ஏன் மாறிக்கொண்டே இருந்தார்கள்? (சேலம் வாசகர்)

பதில்: காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ‘டென்’ ஆல்பத்தில் வாசித்த டேவ் குரூசன், 1991இல் அது பதிவான கையோடு குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற வேண்டி விலகினார். சில வாரங்கள் வாசித்த மாட் சேம்பர்லைன் தாம் போகும்போது டேவ் அப்ரூசீஸைப் பரிந்துரைத்தார். அவர் 1994இல் நீக்கப்பட்டார். பிறகு ஜாக் அயன்ஸ். பாடகர் எடி வெடரிடம் இந்தக் குழுவின் மாதிரி ஒலிநாடாவை முதன்முதலில் கொண்டு சேர்த்த நண்பரே அவர். அந்த ஒலிநாடாவில் டிரம்ஸ் வாசித்திருந்தவர் யார் தெரியுமா? மாட் கேமரூன். அவரே 1998இல் பேர்ல் ஜாமுக்கு வந்து, 2025 வரை இருந்தார்.

கேள்வி: ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் ஷான் கின்னியை ஏன் பட்டியல்களில் பின்னால் தள்ளுகிறார்கள்? பெண் டிரம்மர்கள் யாராவது உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: கின்னி பாடகர்களுக்கு வழிவிட்டு வாசிப்பவர், அதனால்தான் பட்டியல் போடுகிறவர்களின் கண்ணில் படுவதில்லை. லேன் ஸ்டேலியும் ஜெர்ரி கேன்ட்ரெலும் இரட்டைக் குரலில் இழுத்துப் பாடும் இடங்களில் அவர் அடிகளைக் குறைத்துக்கொண்டு, குரல் ஓய்ந்ததும் நிரப்புவார். 1994இல் வெளிவந்த ‘நோ எக்ஸ்கியூசஸ்’ பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். டிரம்ஸ் மட்டும் தனியே வந்து பாடலின் நடையை நிறுவுகிறது. முதல் ஆல்பத்தின்போது கை முறிந்திருந்தும், மாவுக்கட்டை முன்கூட்டியே பிரித்துவிட்டு, பக்கத்தில் ஐஸ் வாளியை வைத்துக்கொண்டு வாசித்த மனிதர் அவர்.

பெண்களுள் முதலில் சொல்ல வேண்டியவர் ஹோல் குழுவின் பாட்டி ஷெமல். 1994இல் வந்த ‘லிவ் த்ரூ திஸ்’ ஆல்பத்தில், பாடல் முணுமுணுப்பிலிருந்து அலறலுக்குத் தாவும் ஒவ்வொரு இடத்திலும் அதைத் தூக்கி நிறுத்துவது அவருடைய டிரம்ஸ். ஆனால் அடுத்த ஆல்பமான ‘செலிபிரிட்டி ஸ்கின்’ பதிவின்போது, அவர் வாசிப்புக்குப் பதில் கூலிக்கு வந்த ஒரு கலைஞரின் வாசிப்பு சேர்க்கப்பட்டது. அட்டைப் படத்தில் மட்டும் அவர் நிற்கிறார். அதன் தயாரிப்பாளர் மைக்கேல் பைன்ஹார்ன், கேமரூனின் உச்சம் என்று நான் கருதும் சவுண்ட்கார்டனின் ‘சூப்பர்அன்னோன்’ ஆல்பத்தையும் தயாரித்தவர். ஒருவரே அதையும் செய்தார், இதையும் செய்தார்.

கேள்வி: இப்போதுதான் டிரம்ஸ் கற்கத் தொடங்கியிருக்கிறேன். இவர்கள் பாடல்களில் எதை முதலில் எடுக்கலாம்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ‘லித்தியம்’. வேகம் ஏறிக்கொண்டே போனதால், இந்த நிர்வாணா பாடலுக்குக் குரோலையே மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தட்டும் கருவி) கேட்டு வாசிக்கச் சொன்னார் புட்ச் விக். நீங்களும் மெட்ரோனோம் வைத்தே வாசியுங்கள். பிறகு, நிர்வாணா 1993 நவம்பரில் நியூயார்க்கில் எம்டிவிக்காக வாசித்த நிகழ்ச்சியைப் பார்த்து, வழக்கமாக இடித்து நொறுக்கும் குரோல் குச்சிக்குப் பதில் மெல்லொலி தரும் பிரஷ்களைக் கையில் எடுத்து எவ்வளவு மெதுவாக வாசிக்கிறார் என்பதைக் கவனியுங்கள்; பக்கத்து வீட்டாரும் மகிழ்வார்கள். ‘அவுட்ஷைன்ட்’ பாடலைத் தொடும் முன், ஏழு வரை வாய்விட்டு எண்ணிக்கொண்டே காலால் தட்டப் பழகுங்கள். எண்ணுவதை நிறுத்திய பிறகும் கால் தவறாமல் தட்டினால், குச்சியைக் கையில் எடுக்கலாம்.