பூங்காவில் படுத்திருப்பவர் இன்றிரவு எங்கே படுப்பார்?

வாசகர் கேள்வி – பதில்

பூங்காக்களில் தங்கியிருப்போரைப் பற்றி இந்த மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. அவை ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழில் என் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் நடைப்பயிற்சிக்குப் போகும் பூங்காவில் ஓராண்டாக ஏழெட்டுப் பேர் இரவில் தங்குகிறார்கள். கம்பிவேலியில் துணி காய்கிறது. குழந்தைகள் விளையாடும் மணலில் அடுப்புக் கல் கிடக்கிறது. விடியற்காலையில் பெண்கள் தனியாக வர அஞ்சுகிறார்கள். இவர்களை ஒரே நாளில் அப்புறப்படுத்தி, மாலை ஏழு மணிக்குமேல் பூங்காவைப் பூட்டிவிடும்படி மாநகராட்சிக்கு மனுக் கொடுக்க இருக்கிறோம். தாங்களும் கையெழுத்திட வேண்டும்.
– வாசகர், சுப்பிரமணியபுரம், காரைக்குடி

பதில்: மனு இப்போதுள்ளபடி இருந்தால் என்னால் கையெழுத்திட இயலாது. சில வரிகளை மாற்றினால் முதல் கையெழுத்தே என்னுடையதாக இருக்கும். எந்த வரிகள் என்பதைச் சொல்கிறேன்.

பெண்கள் அஞ்சுகிறார்கள் என்பதை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். பூங்கா எல்லோருக்கும் உரியது. ஒரு பிள்ளை மணலில் உட்கார்ந்து விளையாட முடியாத பூங்கா தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் பொருள். அங்கே யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கலாகாது என்பதில் நாம் ஒத்துப்போகிறோம். ஆனால் உங்கள் மனுவில், அப்புறப்படுத்தப்பட்டவர்கள் அன்றிரவு எங்கே போவார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பூங்காவுக்குப் போனேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கோரைப்பாயைச் சுருட்டி, புங்கமரத்துக்கும் மதிலுக்கும் இடையே யார் கண்ணிலும் படாதவாறு செருகிக்கொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் குடும்ப அட்டையும் ஓரம் கிழிந்த வங்கிப் புத்தகமும். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு பெரிய வீட்டின் கடைசிக் கட்டான பின்பகுதியில் கணவரோடு தங்கி, வீட்டைக் காவல் காத்தவராம். வளவு எனும் உள்முற்றத்தைக் கூட்டுவது, மழைக்காலத்தில் ஓடு ஒழுகுமிடம் பார்த்து வைப்பது, பங்காளிகள் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும் நாளில் விளக்குத் துலக்கி வைப்பது எல்லாம் இவர்கள் வேலைதான். கணவர் இறந்தார். பங்காளிகள் வீட்டைப் பிரித்தெடுப்பவர்களுக்கு விற்றுவிட்டார்கள். தேக்குத் தூண்கள் லாரியில் ஏறிய வாரத்தில் இந்த அம்மா தெருவுக்கு வந்தார். வேலையும் கூரையும் ஒரே இடத்தில் இருந்தவருக்கு இரண்டும் ஒரே நாளில் போய்விடுகின்றன. நம் பகுதியில் பெரிய வீடுகள் பிரிக்கப்படும்போது, தூணுக்கு என்ன விலை, கதவுக்கு என்ன விலை என்று பேசும் நாம், அந்த வீட்டின் பின்கட்டில் இருந்தவர் எங்கே போனார் என்று கேட்பதில்லை.

அங்கிருந்த மற்றவர்களில் இருவர் கல்யாணச் சமையலுக்குக் கைவேலைக்குப் போகிறவர்கள்; முகூர்த்த நாள் இல்லாத மாதங்களில் அறை வாடகை கொடுக்க வழியில்லை. ஒருவர் மகனோடு மனத்தாங்கலில் வந்தவர். ஒருவர் குடிநோயாளி. ஏழு பேர் என்றால் ஏழு காரணங்கள் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரே உத்தரவால் ஏழையும் தீர்க்க முடியாது.

ஒரே நாளில் அப்புறப்படுத்துவது எப்படி நடக்கும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு நகரத்தில் அதிகாலையில் குப்பை வண்டியைக் கொண்டுவந்து மூட்டைகளை அள்ளிப்போனார்கள். அள்ளியவற்றில் பாயும் சட்டியும் மட்டும் இல்லை. ஆதார் அட்டையும், மருத்துவமனைச் சீட்டும், சர்க்கரை மாத்திரையும் இருந்தன. மூன்றாம் நாள் அதே ஆட்கள் பேருந்து நிலையத்தில் படுத்திருந்தார்கள், இம்முறை எந்த அட்டையும் இல்லாமல். முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போட வந்தவரிடம் ஆதார் எங்கே என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? 2023-இல் அந்தத் தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது ஒரு சிறு அறையின் வாடகையில் பாதியாவது ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுவோம். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. நடைபாதையிலேயே இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. அகற்றலாம் என்றுதான் சொன்னது. ஆனால் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 ஆகும்வரை கைவைக்கக் கூடாது என்றும் நாள் குறித்தது. பின்னர், உணவுரிமை வழக்கில் 2010-இல் அதே நீதிமன்றம், நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வீதம், ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த நெறிமுறை, ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்குமளவு இடமும், ஆளுக்கு 50 சதுர அடியும் வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்பிலேயே காரைக்குடி ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024-இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. எனவே மனுவில் முதலில் கேட்க வேண்டியது பூட்டு அன்று, இந்த நூறு பேருக்கான இடம்.

அந்த இடம் எங்கே அமைகிறது என்பது மிக முக்கியம். ஊருக்கு வெளியே புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு கட்டடத்தைக் கட்டித் திறப்புவிழா நடத்தினால், அதில் யாரும் தங்கமாட்டார்கள். விடியற்காலை நான்கு மணிக்குச் சந்தையில் மூட்டை இறக்கப் போகிறவர், சந்தைக்கு நடந்துபோகும் தூரத்தில்தான் படுப்பார். இரவு முழுவதும் கல்யாண வீட்டில் காய் நறுக்கியவருக்குப் பகலில் உறங்க இடம் வேண்டும். ஆகவேதான் நீதிமன்றம் இருபத்துநான்கு மணி நேரம் என்றது. பெண்களுக்குத் தனிப் பகுதியும், பூட்டி வைக்க ஆளுக்கொரு பெட்டியும் இல்லாவிட்டால், அந்த அம்மா புங்கமரத்தடியையே பாதுகாப்பு என்று கருதுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இனி, நான் மாற்றச் சொல்லும் வரிகள். ஓர் இரவில் வார்டு அலுவலரும் சுகாதாரப் பணியாளரும் வந்து, அங்கிருப்போரைப் பெயரும் காரணமும் கேட்டு எழுதட்டும். இது புதுமை அன்று. 2011-இல் வீடற்றோரை நாடு முழுவதும் பிப்ரவரி 28 இரவு ஒன்றில்தான் எண்ணினார்கள், சுமார் 17.7 லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள். எழுதிய பிறகு ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தைக் காட்டிவிட்டு நாள் குறிக்கட்டும். பொருள்களைக் குப்பை வண்டியில் ஏற்றாமல் பட்டியலிட்டு உரியவரிடமே ஒப்படைக்கட்டும். அடுப்பு மூட்டக் கூடாது, மணல்பகுதியில் படுக்கக் கூடாது என்ற விதிகளை இன்றிலிருந்தே நடைமுறைப்படுத்தட்டும். விளக்கு எரியாத மூலையில் இந்த வாரமே விளக்குப் போடட்டும். பெண்களின் அச்சத்தில் பாதிக்கு அந்த இருட்டுதான் காரணம். இடம் காட்டியான பிறகு பூட்டட்டும். அதற்கு நானும் உடன்படுகிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் மகன், பூங்காவில் கூடாரம் போட்டால் அபராதம் விதிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறான். நாமும் அப்படிச் செய்தால் என்ன?
– வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மை. ஓரிகனில் கிராண்ட்ஸ் பாஸ் என்று ஏறத்தாழ 40,000 பேர் வாழும் சிற்றூர். வழக்கு நடந்தபோது அங்கே பூங்காவில் போர்வை விரித்துத் தங்கினால் 295 டாலர் அபராதம் என்று விதி இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தால் பூங்காவுக்குள் வரத் தடை. தடையை மீறினால் முப்பது நாள் வரை சிறை. படுக்க வேறு இடமில்லாதவரை இப்படித் தண்டிப்பது கொடுமையான தண்டனை என்று கீழமை நீதிமன்றங்கள் கூறியதை, 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மாற்றியது. தண்டிக்க ஊருக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் அங்கே வழக்கு. தண்டித்தால் கூடாரம் குறையுமா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் விடை தேடக் கூடாது.

வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்தவர் 295 டாலரை எங்கிருந்து கட்டுவார்? கட்டாத அபராதம் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பதிவு இருப்பவருக்கு வீடு வாடகைக்கு விடவும் வேலை கொடுக்கவும் ஆட்கள் தயங்குவார்கள். வெளியேறும் வழியை அபராதமே அடைத்துவிடுகிறது.

அதே நாட்டில் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரத்தைப் பாருங்கள். அங்கும் பொது இடத்தில் கூடாரம் போடத் தடைச்சட்டம் உண்டு. ஆனால் ஒரு முகாமை மூடுவதற்கு முன், அதிலுள்ள ஒவ்வொருவரிடமும் பேசி வீடு ஒன்றைக் காட்டிவிட்டு, கடைசி ஆளும் போன பிறகுதான் இடத்தைச் சுத்தம் செய்து அடைக்கிறார்கள். நகராட்சி, மாவட்ட நிர்வாகம், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் 2012 முதல் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. பத்தாண்டுகளில் அங்கே வீடற்றோர் எண்ணிக்கை பாதிக்குமேல் குறைந்தது. பின்லாந்து 2008-இலிருந்து இன்னும் ஒரு படி மேலே போய், குடியை விட்டால்தான் வீடு, வேலை தேடிக்கொண்டால்தான் வீடு என்ற நிபந்தனைகளை நீக்கி, முதலில் சாவியைக் கையில் கொடுத்தது. நம் நகராட்சிகளிடம் அந்த அளவு பணம் இல்லை என்பதை அறிவேன். ஆயினும், ஒரே பட்டியலை வைத்துக்கொள்ளப் பெரும் பணம் தேவையில்லை.

நம் மாநிலத்திலும் 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பூங்காவில் படுத்திருப்பவரை அதைக் காட்டி மிரட்டுவதுண்டு. படுத்திருப்பது பிச்சையெடுப்பது ஆகாது. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் அந்நகரைப் பொறுத்தவரை 2018-இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. வறுமைதான் மக்களைத் தெருவுக்குத் தள்ளுகிறது என்றும், மேட்டுக்குடிப் பார்வையோடு தடை விதிக்க முடியாது என்றும் 2021-இல் உச்ச நீதிமன்றமும் கூறியது.

கேள்வி: செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணி முடியாது. ஊரெல்லாம் காலி வீடுகள் இருக்க, ஆட்கள் பூங்காவில் படுப்பது நியாயமா? அரசு எடுத்துக் கொடுக்கலாமே?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் பூட்டிய வீடு வேறு, உடையவரில்லாத வீடு வேறு. ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்கு, இருபது பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஓர் அறையைத் திறக்கவே எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அரசு எடுக்கப் புகுந்தால் வழக்குதான் மிஞ்சும்.

ஆனால் அந்த வீடுகளின் முன்புறத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். திண்ணையின் கோடியில், சுவரை ஒட்டிச் சாய்வான மேடு ஒன்று சாந்தில் பூசியிருக்கும். அது அலங்காரத்துக்காகக் கட்டியது அன்று. படுப்பவர் தலை வைப்பதற்காக. வழிப்போக்கர் வந்து படுப்பார் என்று தெரிந்தே, வீடு கட்டும்போதே கொத்தனாரிடம் தலையணையும் கட்டச் சொன்னவர்கள் நம் முன்னோர். இன்று அந்தத் திண்ணைகளுக்குக் கம்பிக்கதவு வந்துவிட்டது. பூங்காவின் சிமெண்டு பெஞ்சுக்கு நடுவே, யாரும் படுக்க முடியாதபடி இரும்புத் தடுப்பும் வந்துவிட்டது.

வீடுகளைவிடச் சத்திரங்களிலும் விடுதிகளிலும் எனக்கு நம்பிக்கை அதிகம். காசியிலும் இராமேசுவரத்திலும் விடுதி கட்டி, போகிறவர் வருகிறவருக்குப் படுக்கவும் உண்ணவும் இடம் தந்தவர்கள் நகரத்தார். நம் ஊர்களிலேயே ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்கள் உண்டு. அறக்கட்டளை ஒன்றிரண்டின் பொறுப்பிலிருப்பதால் பங்குச் சிக்கலும் குறைவு. மாநகராட்சி வாடகை கொடுத்து, பழுதுபார்த்து, ஆளும் போட்டால், புதுக் கட்டடத்துக்குக் காத்திருக்காமல் ஆறு மாதத்தில் ஒரு தங்குமிடத்தைத் திறந்துவிடலாம். உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதை நீங்கள் எழுப்புங்கள், ஆச்சி.

கேள்வி: எங்கள் ஊருணிக்கரையில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு, சட்டை கிழிந்து, யாரையும் அருகில் விடாமல் உட்கார்ந்திருக்கிறார். யாரிடம் சொல்வது?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: காவல் நிலையத்தில் சொல்லுங்கள், தயக்கம் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 100-இன்படி, இப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது காவலரின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவர் பாதுகாப்பில் எடுக்கப்படுவது நோய்க்காக, குற்றத்துக்காக அன்று. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடமும் பேசலாம். ஆதரவற்ற முதியவர் என்றால் 14567.

கேள்வி: முகவரி இல்லாதவருக்கு வாக்கு உண்டா?
– மாணவர், அழகப்பாபுரம்

பதில்: உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல் தாம் படுக்கும் இடத்தையே எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து, அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று பார்த்து உறுதிசெய்தால், வேறு இருப்பிடச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. உங்களைப் போன்ற மாணவர்கள் இருவர் சேர்ந்து ஒரு மாலை படிவத்தோடு போனால், பெரிய உதவியாக இருக்கும்.

கேள்வி: பூங்காவில் இருப்பவர்களுக்கு வெள்ளிதோறும் சாப்பாடு கொடுக்கிறோம். இதனால்தான் ஆட்கள் கூடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். நிறுத்திவிடலாமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. வாரம் ஒருவேளைச் சோற்றுக்காக யாரும் வீட்டை விட்டுவிட்டுப் பூங்காவுக்கு வருவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டார் சொல்வதில் ஒரு பாதி நியாயமும் இருக்கிறது. இலையும் பொட்டலக் காகிதமும் புல்லில் கிடந்தால் அவர்களுக்குத்தான் நாய்த் தொல்லை. ஒரு சாக்கைக் கையோடு கொண்டுபோய், உண்டு முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். அத்துடன் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுபோங்கள். பெயர், சொந்த ஊர், என்ன வேலை தெரியும், குடும்ப அட்டை இருக்கிறதா, மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா என்று, சொல்ல விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சோறு கொடுத்த கைக்குத்தான் அவர்கள் இதையெல்லாம் சொல்வார்கள். அதிகாரி கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். வார்டு அலுவலகத்தில் கணக்கெடுப்புக்கு நாள் குறிக்கும்போது, எழுதித் தந்தவர்களின் ஒப்புதலோடு அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நீங்களும் உடன் போய் நில்லுங்கள்.