பாட்டு வாங்க எந்தக் கடை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாட்டுச் செயலிக்கு மாதச் சந்தா கட்டுகிறேன், பாட்டைக் கைப்பேசியில் இறக்கியும் வைத்திருக்கிறேன். அப்புறம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? (பிரிக்பீல்ட்ஸ்)

இறக்கிய பாட்டு அந்தச் செயலிக்குள் பூட்டுப் போட்டு இருக்கிறது. சந்தாவை நிறுத்தினால் அதைத் தொட முடியாது. தினமும் புதுப் பாட்டு தேடுகிறவர் என்றால் சந்தாவே லாபம், அதை விடாதீர்கள். ஆனால் தீபாவளிக்குப் பினாங்கு போகும்போது வருடா வருடம் போடுகிற ஐம்பது பாட்டு என்று ஒன்று எல்லாரிடமும் இருக்கும். அதை மட்டும் வாங்கி வைத்தால் போதும்.

ஐடியூன்ஸா, பேண்ட்கேம்பா? (பட்டர்வொர்த்)

எந்த மாதிரிப் பாட்டு என்று சொல்லவில்லையே!

தமிழ்த் திரைப்பாடல் என்றால் ஆப்பிளின் இணையக் கடையான ஐடியூன்ஸ் ஸ்டோர். மலேசியாவுக்கு அது 2012-இல் வந்தது. கிடைப்பது 256 கேபிபிஎஸ் ஏஏசி கோப்பு, அதாவது எம்பி3 போலச் சுருக்கிய ஒலிக்கோப்பு (கேபிபிஎஸ் என்பது ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தரவு என்ற கணக்கு). பாட்டுகளுக்குப் போட்டிருந்த பூட்டை 2009-லேயே எடுத்துவிட்டார்கள், அதனால் பென்டிரைவில் நகல் எடுக்கலாம். ஆனால் ஐபோனோ கணினியோ வேண்டும். கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும் இருந்தால் தோதுப்படாது.

2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப், சொந்தமாகப் பாடி வெளியிடுகிறவர்களின் சந்தை. சினிமாப் பாட்டு தேடிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவீர்கள். டிஜிட்டல் விற்பனையில் கடையின் பங்கு 15 விழுக்காடு, நிறைய விற்கிறவருக்கு 10. பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி பாடியவர் பக்கம் போகிறது. ஒருமுறை வாங்கினால் எம்பி3, தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக், சுருக்காத வேவ் என்று எந்த வடிவிலும் இறக்கலாம். நம் ஊர்ச் சொல்லிசைப் பிள்ளைகள் யாராவது அங்கே பாட்டு போட்டிருந்தால் நான் அங்கேதான் வாங்குவேன்.

எங்கே வாங்கினாலும் அன்றைக்கே கோப்பை இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். கூகள் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டபோது, வாங்கிய பாட்டை எடுத்துக்கொள்ள 2021 பிப்ரவரி வரைதான் அவகாசம் இருந்தது. கடை திறந்தே இருந்தாலும், உரிமை வைத்திருப்பவர் ஓர் ஆல்பத்தை விலக்கிக்கொண்டால் மறுபடி இறக்க முடியாமல் போகலாம். (ஒரே ஹார்ட் டிஸ்கை நம்பி இருநூறு பாட்டைப் பறிகொடுத்தவன் நான். அதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது.)

அப்பாவுக்காக ஒரு பழைய பாட்டு வாங்கினேன். "இது அவர் குரலே இல்லை" என்கிறார். ஏமாந்துவிட்டேனா? (செந்தூல்)

அப்பாவின் காது சரி. அதே தலைப்பில் வேறு யாரோ பாடிய மறுபதிவு உங்களிடம் வந்திருக்கிறது. இப்படிப்பட்டவை கடைகளில் ஏராளம்.

அடுத்த முறை வாங்குவதற்கு முன், முதலில் கடையில் இருக்கும் முன்னோட்டத்தை அப்பாவிடமே போட்டுக் காட்டுங்கள், அதைவிட நல்ல சோதனை இல்லை. பிறகு வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். பழைய பாடல்களில் பல எச்எம்வி இசைத்தட்டில் வந்தவை. அந்தக் களஞ்சியம் இப்போது சரிகம நிறுவனத்திடம் இருக்கிறது. கடை காட்டும் ஆண்டை நம்ப வேண்டாம், பல சமயம் அது மறுவெளியீட்டு ஆண்டாக இருக்கும். நீளமும் துப்புக் கொடுக்கும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். ஐம்பதுகளின் பாட்டு ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமாக வந்த பாட்டுகளும் உண்டு என்பதால் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தேடும்போது இன்னொரு தலைவலி, நம்முடைய ழ. ஒருவர் அதை ஆங்கில எழுத்தில் இசட்-எச் என்று எழுதுவார், இன்னொருவர் எல் என்று எழுதுவார். பாட்டு கிடைக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்குள் எழுத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். படப் பெயரைத் தட்டினால் இன்னும் சுலபம்.

காடியில் கேட்க ஃப்ளாக்தான் வாங்க வேண்டும் என்கிறான் மச்சான். உண்மையா? (ஜெலுத்தோங்)

டயர் சத்தம், ஏசி சத்தம், பின்சீட்டில் பிள்ளைகள். இதற்குள் 320 கேபிபிஎஸ் எம்பி3-க்கும் ஃப்ளாக்குக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தால் உங்கள் மச்சானுக்கு நானே சாப்பாடு வாங்கித் தருகிறேன். ஐந்து நிமிடப் பாட்டு எம்பி3-யில் 12 எம்பி. சுருக்காத சிடி தரத்தில் 53 எம்பி, ஃப்ளாக் அதில் ஏறக்குறைய பாதி. பழைய கார்களில் சில ஃப்ளாக்கை மட்டுமல்ல, ஏஏசியையும் படிக்காது.

வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் ஃப்ளாக்கில் வாங்கி, காருக்கு எம்பி3-ஆக மாற்றிக்கொள்ளுங்கள். எம்பி3-யை ஃப்ளாக் ஆக்குவதில் பயனில்லை, போன ஒலி திரும்பி வராது.

வெளிநாட்டுக் கடையில் போட்டிருந்த விலையைவிட இரண்டு வெள்ளி கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். (ஆயர் ஈத்தாம்)

வரியாக இருக்கலாம். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடு இருந்தது, 2024 மார்ச்சிலிருந்து 8. டாலரில் வாங்கியிருந்தால் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணமும் சேரும். ஒவ்வொரு பாட்டாக வாங்காமல் முழு ஆல்பமாக எடுத்தால் பெரும்பாலும் விலை குறையும்.