பென்சில் கொடுத்த ரஷ்யாவும் நம் பள்ளி மேடையும்

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் ஒரு கதை சொன்னார். விண்வெளியில் பேனா எழுதாது என்று அமெரிக்கா கோடி கோடியாகக் கொட்டிப் புதுப் பேனா கண்டுபிடித்ததாம். ரஷ்யா ஒரு பென்சிலைக் கொடுத்து வேலையை முடித்துவிட்டதாம். ஏகப்பட்ட கைதட்டல். நானும் வகுப்பில் சொல்லலாம்தானே?
– ஆசிரியர் ஒருவர், காரிமங்கலம்

பதில்: சொல்லாதீர்கள் சார். தருமபுரியில் மட்டும் மூன்று மேடைகளில் இதைக் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் மனசு பதறுகிறது. ‘ரொம்ப யோசிக்காதே, சுலபமாக முடி’ என்பதைத்தானே அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்?

அமெரிக்கர்களும் முதலில் பென்சில்தான் கொண்டுபோனார்கள். 1965இல் நாசா 34 இயந்திரப் பென்சில்களை, ஒன்று 128.89 டாலர் என்று வாங்கியது. பொதுப்பணம் பாழ் என்று ஊரே திட்டியது. பேனாவுக்கோ நாசா காசு போடவில்லை. பால் ஃபிஷர் என்ற பேனாத் தயாரிப்பாளர் சொந்தப் பணத்தில் செய்தார். நாசா சோதித்துப் பார்த்துச் சுமார் 400 வாங்கியது. 1968இல் அப்போலோ 7 வீரர்களோடு அது மேலே போனது. மறு வருடமே சோவியத்தும் 100 பேனா, 1,000 ரீஃபில் வாங்கியது. பென்சிலே போதுமென்றால் அவர்கள் எதற்கு வாங்க வேண்டும்?

பென்சில் முனை உடைந்தால் இங்கே பெஞ்சுக்கு அடியில் விழும். அங்கே விழாது, மிதக்கும். கண்ணுக்குள் போகலாம், சுவிட்ச் இடுக்கில் நுழையலாம். பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டில் மின்சாரம் பாயும். நேற்று இரவு அலுவலகத்தில் ஒரு பென்சிலை இருபக்கமும் சீவி, இரண்டு டார்ச் செல்லுக்கும் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.க்கும் நடுவில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. அதோடு, மரமும் கிராஃபைட்டும் தீப்பிடிக்கும். 1967 ஜனவரியில் அப்போலோ 1 தரைச் சோதனையிலேயே தீயில் மூன்று வீரர்கள் இறந்தார்கள். அதற்கப்புறம் கலத்துக்குள் எரியக்கூடிய எதையும் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பேனா செய்த வேலையும் சாமான்யமில்லை. ரீஃபிலுக்குள் அடைத்த நைட்ரஜன் பின்னாலிருந்து மையைத் தள்ளும். மை நம் ஊர் கேழ்வரகுக் களி மாதிரி கெட்டியாக இருக்கும். முனையில் குண்டு உருளும்போது மட்டும் இளகும். அதனால் ஒழுகாது. சாதாரணப் பால்பாயிண்ட்டும் மேலே எழுதும் என்று 2003இல் ஸ்பெயின் வீரர் பெட்ரோ டுகே எழுதிக் காட்டினார், உண்மைதான். அதனால் ஃபிஷர் உழைப்பு வீண் என்று ஆகிவிடாது.

ரஷ்யரின் பென்சில் கதைதான் வேண்டுமென்றால் நிஜமான ஒன்று இருக்கிறது. 1965 மார்ச் 18. அலெக்ஸி லியோனவ் கலத்தை விட்டு வெளியே வந்து மிதந்த முதல் மனிதர். விண்வெளி உடை ஊதிப்போய் உள்ளே திரும்ப முடியாமல் தவித்தார். உடைக்குள் இருந்த காற்றை வெளியேவிட்டுத்தான் உயிர் தப்பினார். அதே பயணத்தில், பூமியின் விளிம்பில் சூரியன் உதிப்பதைக் கலர் பென்சிலால் வரைந்தார். பென்சில்கள் மிதந்து ஓடிவிடாமல் ஒவ்வொன்றையும் நூலால் மணிக்கட்டுப் பட்டையில் கட்டி வைத்திருந்தார். விண்வெளியில் மனிதன் வரைந்த முதல் படம் அது.

திங்கட்கிழமை வகுப்புக்கு இரண்டு டார்ச் செல்லும் ஒரு எல்.ஈ.டி.யும் எடுத்துப் போங்கள் சார். பென்சில் பிள்ளைகளிடமே இருக்கும்.