எல்லை மாறினால் பள்ளியில் இடம் போய்விடுமா?

கேள்வி: தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியைத் தாண்டி ஒரு கிராம ஊராட்சியில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். ஜூனில் மகனை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கின்றன, அவ்வளவு நெரிசல். இதற்கிடையில் எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு. அப்படிச் சேர்த்தால் இங்கே இடம் கிடைக்காமல் போகுமா? தெரிந்தவர் ஒருவர், "இப்போதே டவுனுக்குள் ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், கோட்டாவில் பெரிய பள்ளியில் இலவச சீட் வாங்கித் தருகிறேன்" என்று இருபதாயிரம் ரூபாய் கேட்கிறார். மகள் இதே ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு ஏதும் பாதிப்பு வருமா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, அந்த இருபதாயிரத்தை முதலில் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிச் சேர்க்கைக்கும் ஊராட்சி, மாநகராட்சி எல்லைக்கும் சம்பந்தம் கிடையாது. 'இந்தத் தெருக்காரர்கள் இந்தப் பள்ளிக்குத்தான் போக வேண்டும்' என்று கோடு போட்டுப் பிரிக்கும் ஏற்பாடு வெளிநாட்டில் உண்டு. இங்கே சட்டம் பார்ப்பது தூரத்தை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 2011-இல் வகுத்த விதிகளின்படி, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். நாளைக்கே பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றிய' என்பதை அழித்து 'மாநகராட்சி' என்று எழுதினாலும் உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் ஓர் அடிகூட மாறாது. கட்டடம், தண்ணீர், கழிப்பறை இவற்றையெல்லாம் யார் பார்ப்பது என்பது மாறும். அவ்வளவுதான். ஓட்டை விழுந்த கூரையைப் பற்றிப் புகார் சொல்ல இதுவரை ஒன்றிய அலுவலகம் போனீர்கள், இனி மாநகராட்சி அலுவலகம் போவீர்கள். இரண்டு இடத்திலும் காத்திருக்கத்தான் போகிறீர்கள்.

இடம் இல்லை என்று அரசுத் தொடக்கப் பள்ளி பக்கத்துப் பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் முடியாது. பிறப்புச் சான்று கையில் இல்லை, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்ற காரணங்களுக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

எல்லை உடனே மாறப் போவதும் இல்லை. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31-ஆம் தேதி இருந்த நிர்வாக எல்லைகளைக் கணக்கெடுப்பு முடியும்வரை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே 'அடுத்த மாதம் சேர்த்துவிடுவார்கள், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்' என்று அவசரப்படுத்துபவர் தன் அவசரத்தைத்தான் சொல்கிறார். 'விரைவில் மாநகராட்சி லிமிட், பக்கத்திலேயே பள்ளி' என்று நஞ்சையை மனையாக்கி விற்பவர்களின் நோட்டீசுக்கும் இதே பதில்தான்.

இப்போது அந்த இலவச சீட். இந்த ஒரு விஷயத்தில் நம் ஜனங்கள் ஏமாறுகிற அளவுக்கு வேறு எதிலும் ஏமாறுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தனியார் பள்ளிகளின் தொடக்க நிலை வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கும், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் போன்ற வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் உண்டு. இது உண்மை. நலிந்த பிரிவில் விண்ணப்பித்தால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், எந்தப் பிரிவானாலும் வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். அந்தக் குலுக்கலில் புரோக்கருக்கு என்ன வேலை? பத்துப் பேரிடம் பணம் வாங்குவார். இரண்டு பேருக்குக் குலுக்கலில் தானாகவே விழும். அந்த இரண்டு பேரிடம் 'நான்தான் வாங்கித் தந்தேன்' என்பார், மீதி எட்டுப் பேரிடம் 'இந்த வருஷம் மேலிடத்தில் கெடுபிடி' என்பார். முதல் போடாத வியாபாரம்.

அடுத்தது, 'தொடக்க நிலை வகுப்பு' என்றால் அந்தப் பள்ளி எந்த வகுப்பில் ஆரம்பிக்கிறதோ அது. எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் 25 சதவீதம் எல்.கே.ஜி.யிலேயே நிரம்பிவிடும். உங்கள் மகன் முதல் வகுப்புக்குப் போகிறவன். பெரிய பள்ளி என்று அவர் சொல்கிற எதில் எல்.கே.ஜி. இல்லை என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது. உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பே சொல்லிவிட்டது. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி, நாகை என்று எடுத்துக்கொண்டால், பெற்றோர் ஆசைப்படும் பழைய பெரிய பள்ளிகளில் நிறைய கிறிஸ்தவ அமைப்புகள் நடத்துபவை. மொழிச் சிறுபான்மை அந்தஸ்து உள்ள பள்ளிகளும் உண்டு. பெயரில் சாமி பெயர் இருந்தால் சிறுபான்மைப் பள்ளி இல்லை என்று நினைக்காதீர்கள். தெலுங்கோ சௌராஷ்டிரமோ தாய்மொழியாகக் கொண்டவர்கள் நடத்தினாலும் அந்தஸ்து வாங்கியிருக்கலாம். அந்தப் பள்ளியில் கோட்டா சீட் என்று ஒன்றே கிடையாது, இல்லாத சீட்டை எப்படி வாங்கித் தருவார்? பள்ளி அலுவலகத்தில் 'உங்களுடையது சிறுபான்மைப் பள்ளியா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதைக் கேட்க வெட்கப்பட்டுத்தான் பணத்தைக் கொடுக்கிறார்கள்.

வாடகை ஒப்பந்தமோ பொய் ஆவணம். பிடிபட்டால் பிள்ளையின் சேர்க்கை ரத்தாகும், புரோக்கருக்கு ஒன்றும் ஆகாது. போதாக்குறைக்கு 2025-இல் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த நிதி இழுபறியில் இந்த விண்ணப்பமே அக்டோபர் வரை திறக்கவில்லை. பள்ளி தொடங்கி நான்கு மாதம் கழித்து! அந்த நம்பிக்கையில் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தவர்கள் கதி என்ன?

சரி, நெரிசல். உங்கள் நியாயமான கவலை இதுதான். பழைய ஊருக்குள் தெற்கு வீதி, கீழவாசல் பக்கம் குடும்பங்கள் காலிசெய்துகொண்டு வெளியே வருகின்றன, அங்கே வகுப்பறைகள் வெறிச்சோடுகின்றன. வயல் மனையாகிய இடத்தில் பள்ளி மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. 2021 டிசம்பரில் நெல்லையில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பழுதான கட்டடங்களை இடித்தார்கள். அது சரியான காரியம். இடித்த வேகம் கட்டுவதில் இல்லை. ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்காருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஆசிரியர் கணக்கு. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று பேர், 120 வரை நான்கு பேர். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்றால் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைக்காமல் என்ன செய்வார்கள்? இதில் பெற்றோருக்குத் தெரியாத சூட்சுமம் ஒன்று: ஆகஸ்ட் 1-ஆம் தேதி இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த ஆண்டு ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். தலை குறைந்த பள்ளியிலிருந்து ஆசிரியரைப் பணிநிரவலில் எடுத்து, தேவைப்படும் பள்ளிக்கு அனுப்புவார்கள். புறநகரிலோ ஆடி முடிந்து புதுவீடு புகுகிறவர்கள் ஆவணியில் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். அந்தத் தலைகள் ஒன்றும் கணக்கில் ஏறாது. அடுத்த ஆகஸ்ட் வரை பழைய கணக்குதான்.

அதனால் ஜூனிலேயே சேர்த்துவிடுங்கள். 'டவுனில் சீட் கிடைக்கிறதா பார்ப்போம்' என்று காத்திருக்கும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்துப் போங்கள். கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் பெயர் ஏறிவிட்டதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். 58 பிள்ளைகள் 62 ஆனால் ஓர் ஆசிரியர் பணியிடத்தைக் கேட்க வழி பிறக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கூடுதல் வகுப்பறை, கூடுதல் ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். வாயால் சொன்ன குறை அலுவலகத்தில் குறையே இல்லை. தாளும் தேதி முத்திரையும் வேண்டும். கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லலாம்.

எல்லை மாறினால் நிஜமாகவே மாறும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தனியார் பள்ளிகளின் வசதிகளைப் பற்றி ஆராய அரசு அமைத்த சிட்டிபாபு குழு வகுத்த கணக்குப்படி, தனியார் பள்ளி தொடங்கக் கிராம ஊராட்சியில் 3 ஏக்கர் நிலம் வேண்டும், மாநகராட்சியில் 6 கிரவுண்டு போதும். நம் பக்கக் கணக்கில் ஒரே ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. எல்லை விரிந்ததும், ஒரு மா நிலத்தில் மாடிமேல் மாடி வைத்து 'இன்டர்நேஷனல்' என்று பலகை மாட்டுகிறவர்கள் வரத்தான் செய்வார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த டெல்டா இது. அளவுக்கு மீறிப் பிள்ளைகளை அடைத்த கட்டடம், மேலே கூரைக் கொட்டகை. அரசுப் பள்ளியில் நெரிசல் என்று பயந்து ஓடுகிறவர்கள், போகிற இடத்தில் எத்தனை படிக்கட்டு, எத்தனை வாசல், தீயணைப்புத் துறைச் சான்று இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. வேன் கலரைப் பார்க்கிறார்கள்.

மகளுக்கு வருவோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் கிடைக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் எந்த எல்லை மாறினாலும் அப்படியே இருக்கும். கைவிட்டுப் போவது ஒன்றுதான், ஊரகத் திறனாய்வுத் தேர்வு. கிராம ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களுக்கு மட்டும் உரியது. நகராட்சி, மாநகராட்சிக்குள் இருக்கும் பள்ளி என்றால் விண்ணப்பிக்க முடியாது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1000 ரூபாய் தருகிறார்கள். குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தொகை பெரிதில்லை, ஆனால் கிராமத்துப் பெண் ஒருத்தி போட்டித் தேர்வு என்று முதலில் எழுதிப் பழக இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. உங்கள் மகள் வரும் ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள், எல்லையும் இப்போதைக்கு அப்படியே இருக்கிறது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே பதிவு செய்யுங்கள், கிராம நிர்வாக அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் தாண்டி வர நாளாகும். தலைமையாசிரியரிடமும் நீங்களே போய் நினைவூட்டுங்கள். இந்தத் தேர்வின் சுற்றறிக்கை பல பள்ளிகளில் மேசை இழுப்பறையைத் தாண்டி வகுப்புக்கு வருவதில்லை.