எந்த ஊர் என்று தெரியும்வரை என்ன செய்ய?

சிஸ்டரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

(பதில் எழுதுபவர் தக்கலையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர், உகாண்டாவில் சமுதாய சுகாதாரத் தன்னார்வலராகப் பணியாற்றியவர்.)

கேள்வி: அன்புள்ள சிஸ்டருக்கு, பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தேன். உகாண்டாவுக்கு இரண்டு வருடம் சுகாதாரத் தன்னார்வலராகப் போகத் தேர்வாகி, வேலையையும் விட்டாயிற்று. ஆனால் எந்தக் கிராமம் என்று இன்னும் சொல்லவில்லை. அங்கே பயிற்சி முடியும் நேரத்தில்தான் சொல்வார்களாம். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் "எங்க மக்ளே போற, எந்த ஊரு?" என்கிறார்கள். "ஊரு பேரு தெரியாத எடத்துக்குப் போறதுக்கு கல்ஃபுக்குப் போயிருக்கலாமே" என்கிறார் அம்மா. இருந்து இருந்து மனசு தளர்கிறது.
— ஒரு வாசகி, திங்கள்நகர்

பதில்: மகளே, ஊர் பெயரைச் சொல்லாததற்கு உன்மேல் அக்கறை இல்லாதது காரணமில்லை. ஒரு கிராமத்தில் வெளியாள் ஒருவரைத் தங்கவைப்பதற்கு முன், உன்னை அனுப்பும் அமைப்பின் ஆட்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். பூட்டக்கூடிய கதவுள்ள வீடு இருக்கிறதா, கழிப்பறை உண்டா, தண்ணீர் எவ்வளவு தூரம், போன் எடுக்கிறதா, உனக்கே காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம் என்று எல்லாம் பார்ப்பார்கள். சுகாதார நிலையப் பொறுப்பாளர் "எங்களுக்கு ஆள் வேண்டும்" என்று மனதாரச் சொல்ல வேண்டும். அவரை இடம் மாற்றினாலோ, பேசிவைத்த வீடு கை நழுவினாலோ எல்லாம் முதலிலிருந்துதான். அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றுவதைவிட, தாமதமாகச் சொல்வது நல்லது.

எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று கேட்டு விருப்பப் படிவம் வந்தால் ஊர் பெயர் எழுதாதே. உன்னைப் பற்றிய உண்மையை எழுது. ஆஸ்துமா இருந்தால் அதை எழுது. பைக்கின் பின்னால் நெடுந்தூரம் உட்கார முடியாது என்றால் அதையும் எழுது. கர்ப்பிணிகளோடு வேலை செய்ய ஆசையா, பள்ளிப் பிள்ளைகளோடா என்று சொல். இடம் தேர்வு செய்கிறவருக்கு உதவுவது இந்த மாதிரி விவரங்கள்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. நீ ஐ.சி.யூ.வில் நன்றாக வேலை செய்திருப்பாய். அங்கே நோயாளி உன் கட்டிலில் கிடக்கிறார், மானிட்டர் பேசுகிறது, டாக்டர் கூப்பிட்ட குரலுக்கு வருகிறார். கிராமத்தில் நீதான் அடுத்தவர் வீட்டு முற்றத்தில் போய் நிற்க வேண்டும். அவர்கள் உட்காரச் சொன்னால்தான் உட்காரலாம். பெரும்பாலும் உன் கையில் ஊசியும் இருக்காது, மருந்தும் இருக்காது. பேச்சும் பொறுமையும்தான். இந்த வேலையை வார்டில் யாரும் கற்றுத்தருவதில்லை. அதனால் இந்தக் காத்திருக்கும் காலத்தை இங்கேயே, நம் மாவட்டத்திலேயே, அதற்காகச் செலவிடு.

உன் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுமதி கேட்டு, கிராம சுகாதார செவிலியரோடு வீடு வீடாகப் போய்ப் பார். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. மலையோரம் என்றால் மூவாயிரம். அத்தனை வீட்டையும் அந்தச் செவிலியர் எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்று கவனி. தடுப்பூசிக்கு வராத குழந்தையின் தாயிடம் முதல் வாக்கியமாக என்ன பேசுகிறார்? பாட்டியை எதிர்த்துப் பேசாமல் எப்படித் தன் பக்கம் கொண்டுவருகிறார்? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் பெண்களிடமும் பேசு. பாலவாடியில் குழந்தையை எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பதைப் பார். முடிந்தால் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு மருத்துவக் குழு போகும் நாளில் கூடப் போ. குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்கும் போ. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று விதமான வாழ்க்கை. ஒரு வீட்டில் செல்லுபடியாகும் பேச்சு அடுத்ததில் செல்லாது என்பது உனக்கு அப்போது புரியும்.

உகாண்டாவிலும் அடித்தட்டில் இருப்பது இப்படிப்பட்ட மனிதர்கள்தான். 2001 முதல் அங்கே ஊருக்கு ஊர் 'வில்லேஜ் ஹெல்த் டீம்' உண்டு. சம்பளம் கிடையாது, ஊர் மக்களே தேர்ந்தெடுத்தவர்கள். பல இடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து கொடுப்பவர்களும் அவர்களே. அதற்கு மேல்தான் இரண்டாம், மூன்றாம், நான்காம் நிலை சுகாதார மையங்கள். நீ அவர்களுக்கு மேலதிகாரியாகப் போகவில்லை, கூட நிற்கப் போகிறாய். இதை மட்டும் இப்போதே மனதில் பதித்துக்கொள்.

மொழிக்கு அவசரம் வேண்டாம். நடுப்பகுதி என்றால் லுகாண்டா, தென்மேற்கு என்றால் ருன்யான்கோலே, வடக்கே அச்சோலி அல்லது லாங்கோ. எங்களைப் பயிற்சியில் மொழிவாரியாகப் பிரித்தபோதுதான் எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று ஊகிக்கவே முடிந்தது. ஆங்கிலம் ஆட்சிமொழிதான், ஆனால் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கி வரும் பாட்டியிடம் அது போதாது. சாப்பாட்டுக்குப் பயப்படாதே. வாழைக்காயை அவித்து மசித்த மட்டோக்கே முக்கிய உணவு. நம் மரச்சீனிக் கிழங்கும் தாராளமாக உண்டு.

அம்மாவிடம் கோபப்படாதே. உன் வீட்டுப் பக்கத்தில்தானே நெய்யூர் ஆஸ்பத்திரி? 1922-இல் எவரெஸ்ட் ஏற வந்த சோமர்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிறகு ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் அந்த ஆஸ்பத்திரியின் கூட்டத்தையும் ஆள் பற்றாக்குறையையும் கண்டு, இங்கேயே வேலைக்கு வந்து பல வருடங்கள் இருந்தார். அவர் வீட்டிலும் நெய்யூர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருப்பார்கள். இதை அம்மாவிடம் சொல். கூடவே அமைப்பின் அவசர போன் எண்ணையும் எழுதிக் கொடு. அம்மாவுக்குத் தூக்கம் வர அதுதான் அதிகம் உதவும்.

கேள்வி: என் மகள் உகாண்டாவில் தன்னார்வலர் பயிற்சியில் இருக்கிறாள். கூடப் போனவர்களுக்கு ஊர் சொல்லிவிட்டார்கள், இவளுக்கு மட்டும் இல்லை என்று போனில் அழுகிறாள். திரும்பி வரச் சொல்லட்டுமா?
— ஒரு தகப்பனார், குளச்சல்

பதில்: சொல்லாதீங்க ஐயா. ஒரு வீடோ ஒரு கையெழுத்தோ பாக்கி இருக்கும். இவள் தகுதியைப் பற்றிய முடிவு அல்ல அது. பயிற்சிப் பொறுப்பாளரை நேரில் பார்த்து, "என்ன தடை, எப்போது மறுபடி கேட்கலாம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். தேதி ஒன்று கையில் இருந்தால் அழுகை பாதி குறையும். நீங்களும் போனில் தினமும் "ஊர் சொன்னாங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரர்களைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: உகாண்டா போகும் என் தம்பிக்கு என்ன தடுப்பூசி? ஊர் தெரிந்த பிறகு போட்டால் போதுமா?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: காத்திருக்க வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் ஊசி, எந்தக் கிராமமானாலும் கட்டாயம். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. பாஸ்போர்ட்டோடு போகட்டும். முட்டை சாப்பிட்டால் கடுமையான ஒவ்வாமை என்றால் முதலிலேயே சொல்ல வேண்டும். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். சான்று அட்டையைத் தொலைத்தால் திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம்; பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருக்கட்டும். மலேரியா தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு இப்போதே முடிவு செய்யுங்கள். மெஃப்ளோகுவின் என்றால் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினமும் எடுத்து, ஊர் திரும்பியும் நான்கு வாரம் தொடர வேண்டும்.