0.22 ஃபில்டரைத் தாண்டி பாக்டீரியா வருமா?

துருவ மண்ணைக் கரைத்து 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்த பிறகும் பிளேட்டில் பாக்டீரியா காலனி (கண்ணுக்குத் தெரியும் கூட்டம்) முளைக்கிறது, வெளியிலிருந்து கலந்த கன்டாமினேஷனா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கைடு ஏற்கெனவே திட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் வடித்தது அண்டார்டிகாவில் நம் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் பகுதி மண்ணை. பார்க்க ஆற்று மணலும் சரளையும் கலந்த மாதிரிதான் இருக்கும். வடித்ததை, ஆர்2ஏ என்ற சத்துக் குறைந்த ஊட்டக்கூழ் பிளேட்டில் பரப்பி 10 டிகிரியில் வைத்தேன். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. தூக்கிப் போட எடுத்தபோது, விளக்குக்கு எதிரே சாய்த்தால் மட்டும் தெரிகிற அளவில், ரவையை விடப் பொடியாக ஆரஞ்சுப் புள்ளிகள். கைடு பிளேட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கை சுத்தமில்லை" என்றார், அவ்வளவுதான்.

ஃபில்டர் கிழிந்திருக்கும் என்று இங்கேயும் யாராவது எழுதுவீர்கள். அதே பெட்டி ஃபில்டரில் வெறும் உப்புக் கரைசலை வடித்துப் போட்ட பிளேட் கடைசிவரை சுத்தமாகவே இருந்தது. மூன்று முறை செய்தேன்.

0.22 என்றால் ஸ்டெரைல் என்றுதான் எல்லோருக்கும் பாடம். ஆனால் அந்த ஃபில்டரைச் சோதிப்பது பிரெவன்டிமோனஸ் டிமினூட்டா என்ற ஒரு பாக்டீரியாவை வைத்து. அது ஃபில்டரில் நின்றால் உலகத்தில் உள்ள எல்லாம் நிற்கும் என்று அர்த்தமில்லை. நன்னீரில் வாழும் ஹைலெமோனெல்லா கிராசிலிஸ் நீளமானதுதான், ஆனால் ஒல்லிச் சுருள் என்பதால் நுழைந்துவிடும். குளிரிலும் பட்டினியிலும் சுருங்கிக் கிடக்கும் செல்களும் உண்டு. உடம்பு சிறுத்தால் பருமனுக்குப் பரப்பு கூடும், கிடைக்கிற கொஞ்சச் சத்தையும் இழுத்துக்கொள்ளலாம். கிரீன்லாந்தில் 3 கிலோமீட்டர் ஆழப் பனிக்கட்டியிலிருந்து வளர்த்தெடுத்த ஹெர்மினிமோனாஸ் கிளேசியை இயல்பிலேயே குள்ளம்.

இதெல்லாம் பிளேட்டில் வளர்பவை. பேடசிபாக்டீரியா என்ற மிகச் சிறிய பாக்டீரியாக்களின் கூட்டம் பெரும்பாலும் வளராது. மரபணுக்கள் குறைவு, பிறரை ஒட்டியே பிழைப்பு. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சாக்கரிபாக்டீரியாவை 2015-இல் முதன்முதலில் வளர்த்ததே, மனித வாயில் அது ஒட்டி வாழும் ஆக்டினோமைசஸ் என்ற பாக்டீரியாவோடு சேர்த்துத்தான். அதனால் வடிநீரில் கொஞ்சத்தை டிஎன்ஏ எடுக்க ஒதுக்கி வையுங்கள்.

பிளேட்டை ஆறு வாரமாவது விட்டுவையுங்கள். அப்புறம், பிளேட் வைத்த பெட்டி மேல் பெரிதாகப் பெயர் எழுதுங்கள். ஆய்வக ஃபிரிட்ஜில் சாப்பாடு வைக்கக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. ஆனாலும் யாருடைய பிறந்தநாள் கேக்குக்கோ இடம் போதவில்லை என்று என் கடைசி மூன்று பிளேட்டுகளை எடுத்து, மே மாத வெயிலில் ஜன்னலோரம் வைத்துவிட்டார்கள். கேக்கில் ஒரு துண்டுகூட எனக்கு வரவில்லை.